நானூற்று முப்பத்தெட்டு ஜன்னல்கள்

ஜன்னலக்கா என் மண்டையில் ஸ்பேனரால் அடித்ததில் ஆறு தையல். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இன்றைக்கும் தலை வாரும்போது சீப்பு அந்த இடத்தில் தடுக்கினால் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிடும். ஆனால் அவளைப் பற்றி வேறு யாராவது தப்பாகப் பேசினால் முதலில் அவன் சட்டையைப் பிடிப்பவனும் நான்தான். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பழைய இரும்பு வாங்கி அமுக்கி விற்கிற கிடங்கில் நான் எலக்ட்ரீஷியன். அவள் அங்கே கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுகிறவள். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவுடனும் தம்பியுடனும் இருந்தாள். ஒரு காலத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்திருந்த அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இரும்புக் கதவு ஒன்று உண்டு, காற்று வர ஒரு ஓட்டை கிடையாது. அந்த அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் "ஜன்னல் திறக்கல, ஜன்னல் மூடல" என்று கத்திக்கொண்டிருப்பாள். லோடு இறக்குகிறவர்கள் சிரித்துச் சிரித்து அந்தப் பெயரை வைத்தார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போய், சாப்பாட்டு டப்பாவின் மேலேயே ஜன்னல் என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

கிடங்கின் உயிர் பிரஸ்தான். பத்தடி ஆழத் தொட்டி, அதன் மேல் நாலு டன் எடையுள்ள மூடி. தொட்டிக்குள் ஒரு முழுக் காரைப் போட்டு மூடியை இறக்கினால், வெளியே வரும்போது அது ஒரு பெட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஓட்டுகிறவன் மேலே கேபினில் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து தொட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் தொட்டிக்கு மேல் ஒரு கேமரா. ஒவ்வொரு அமுக்குக்கும் முன்னால் தொட்டியின் படம் அவன் முன்னால் உள்ள திரையில் வர வேண்டும், அவன் 'பார்த்தேன்' என்ற பட்டனைத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அமுக்குகிற பட்டன் வேலை செய்யும். படம் வராமல் 'பார்த்தேன்' விழாது. இதை எழுதியவள் அவள்.

அந்தப் படம் எப்படி வருகிறது என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு தடவையும் ப்ரோக்ராம் ஒரு ஜன்னலைத் திறக்குமாம். ஆனால் திரையில் இல்லை, திரைக்கு வெளியே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில். அந்த மறைவு ஜன்னல் கேமராவைப் பார்த்துப் படம் எடுத்து, நேரத்தைப் போட்டுத் திரைக்குக் கொடுக்கும். 'பார்த்தேன்' தட்டிய நேரமும் அமுக்கிய நேரமும் அதே ஜன்னலின் அடியில் பதிவாகும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதை மூடிவிட்டு, அது பிடித்து வைத்திருந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"படத்தை எங்கயாவது சேத்து வைப்பியாக்கா?"

"மேனேஜர் வேணாம்னுட்டாரு. தொட்டிக்குள்ள எவன் எவன் ஸ்விட்ச்சுக்குப் பூட்டுப் போடாம எறங்குறான்னு நாளைக்கு யாராவது கேட்டா அவருக்குத்தானே தலைவலி? ஜன்னலை மூடினா படமும் போயிரும்."

மூடினால்தானே போகும்! அவள் மூடச் சொல்லித்தான் எழுதியிருந்தாள். ஆனால் அந்த ஜன்னலுக்குள் ஓடுகிற, கேமராக்காரன் கொடுத்த பக்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். மூடப் போனால், "கேமரா இன்னும் ஓடுகிறது, நிச்சயமாக மூடவா?" என்று கேட்கும். திரையில் இருந்தால் யாராவது ஆமாம் என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கே தெரியாத ஜன்னல் கேட்கிற கேள்வி யார் காதில் விழும்? அது பதிலுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும். அடுத்த அமுக்குக்கு அடுத்த ஜன்னல், அதுவும் அப்படியே கிடக்கும். ஒரு மணி நேரத்தில் நாற்பது சேரும். இது பல மாதம் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒரு வழக்கம். பிரஸ்ஸின் கம்ப்யூட்டர் அவள் அறையில் இருந்தது, கேபினில் திரையும் பட்டன்களும் மட்டும்தான். ஷிப்ட் மாறும்போது போகிறவன் கேபினிலிருந்தே அதை அணைத்துவிட்டுப் போவான், வருகிறவன் புதிதாகப் போடுவான். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குப்பையெல்லாம் தானாகவே காலியாகிவிடும்.

அந்தப் பிரஸ்ஸைக் காலை ஷிப்டில் ஓட்டியவன் அவள் தம்பி.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆள் பெல்ட்டைச் சுழற்றி, பக்கிள் பக்கத்தால் அடிப்பாராம். பதினொரு வயசுப் பெண் தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாளாம். அந்தத் தழும்பு அவள் கழுத்துக்குக் கீழே இப்போதும் தெரியும். அப்பா செத்த பிறகு வீட்டில் அடிக்கிற கை மாறியது, அவ்வளவுதான். தம்பி பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் பல்லை உடைத்தான், அவள் போய் மன்னிப்புக் கேட்டாள். முதல் வேலையில் போர்மன் மூக்கை உடைத்தான், அவள் காலில் விழுந்து போலீஸுக்குப் போகாமல் தடுத்து, இங்கே கூட்டி வந்து சேர்த்தாள். எப்போது கேட்டாலும் ஒரே பாட்டு: "கோவக்காரன்தான், ஆனா மனசு வெள்ளை." வெள்ளை மனசாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன்.

சம்பவம் நடந்த அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அவனை மாற்றிவிட வேண்டியவன் வரவில்லை. அந்த ஆளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர், காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, நாலு என்று மணி ஏறியது. தம்பி காலை ஆறிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கம்ப்யூட்டரும் அணையவில்லை. மறைவு ஜன்னல்கள் நானூறைத் தாண்டி அடைத்துக்கொண்டு, படம் வர பத்து விநாடி, பதினைந்து விநாடி ஆகத் தொடங்கியது. அதற்கு முன்னாலும் மூன்று தடவை, "நேரம் ஆக ஆகப் படம் சிக்குதுக்கா" என்று அவளிடம் சொல்லியிருந்தான். "அணைச்சுப் போடுடா" என்று சொல்லிவிட்டாள்.

நாலே முக்காலுக்குத் தூங்குமூஞ்சி சீப்பை ஆட்டிக்கொண்டு வந்தான். இருவருக்கும் கீழே வாய்ச்சண்டை. ஒருவன் அம்மாவை ஒருவன் இழுத்தான். பிறகு தம்பி மறுபடியும் கேபினுக்கு ஏறிப் போய்விட்டான். தூங்குமூஞ்சி தொட்டியைப் பார்க்க இறங்கினான், ஷிப்ட் வாங்குகிறவன் தொட்டியைச் சுத்தமாக வாங்குவது அங்கே வழக்கம். இறங்கும் முன் ஸ்விட்ச் போர்டில் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். அவன் மாட்டவில்லை. என்றைக்குத்தான் மாட்டினான்!

மூடி இறங்கிய சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அதற்குள்ளிருந்து வந்த சத்தம் பழக்கமில்லாதது. நான் ஓடிப் போய் அவசர ஸ்விட்சை அடித்தேன். மூடியைத் தூக்கி அவனை வெளியே எடுத்தபோது இரண்டு காலும் முட்டிக்கு மேலே வரை இல்லை. இல்லை என்று எழுதிவிட்டேன், இருந்தது, ஆனால் அதைக் கால் என்று சொல்ல முடியாது. என் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினேன். ரத்தம் பட்டுக் கை வழுக்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சு இருந்தது.

தூங்குமூஞ்சியின் அண்ணன் எங்கள் கிடங்கிலேயே கேஸ் கட்டர் வைத்து இரும்பு அறுக்கிறவர். அவரும் இன்னும் ஆறேழு பேரும் தம்பியைக் கேபினிலிருந்து முடியைப் பிடித்து இழுத்துவந்தார்கள். படிக்கட்டு நெடுக அவன் முகம் மோதிக்கொண்டே வந்தது. "ஸ்க்ரீன்ல யாரும் இல்லண்ணே! சத்தியமா இல்லண்ணே! படம் சிக்கிக் கெடந்துச்சு!" என்று அலறினான். ஒரு உதையில் அவன் விலா உடைந்தது எனக்கே கேட்டது. காவலாளிகள் பிய்த்து எடுத்து ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டினார்கள்.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார். "கம்ப்யூட்டர் லைனைப் புடுங்கு. போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் புதுசா ஓடணும். ஒண்ணும் கேக்காத." நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன். ஜன்னலக்கா அறைக்குள் போய் மெயின் ஸ்விட்சில் கை வைத்தேன். அப்போதுதான் ஸ்பேனர் என் தலையில் இறங்கியது.

கண்ணில் ரத்தம் வழிய நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஸ்பேனரோடு என் முன்னால் நிற்கிறாள்.

"மன்னிச்சிருடா. ஆனா இன்னொரு தடவை கை வச்சே, கொன்னுருவேன்."

"பைத்தியமாக்கா உனக்கு?"

"அணைச்சா எல்லாம் போயிரும்டா. நான் சரியா மூடல. காலைலேருந்து தெறந்த ஜன்னல் அத்தனையும் உள்ள அப்படியே கெடக்கு. கடைசிப் படமும் இருக்கும். அதுல தொட்டி காலியா இருக்கும் பாரு, பழைய படமா இருக்கும். அவன் தப்பு இல்லன்னு அது ஒண்ணுதான் சொல்லும். தப்பு என்னோடது. அவன் மூணு தடவை சொன்னான், நான் கேக்கல. அந்தக் காலை நசுக்கினது நான்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கீபோர்டுக்கு வந்தாள். எனக்கு அவள் மேல் அன்றைக்கு வந்த மரியாதை வேறு யார் மேலும் வந்ததில்லை. ஜெயிலுக்குப் போவதற்காக ஒருத்தி இவ்வளவு சண்டை போடுவாளா?

கதவில் கடப்பாரை விழுந்தது. மேனேஜர்தான் கட்டர் அண்ணனை ஏவிவிட்டிருந்தார், உள்ளே ஆதாரத்தை அழிக்கிறார்கள் என்று. மூன்றாவது அடியில் தாழ் பிய்ந்தது. உள்ளே வந்தவர் முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் ஓங்கினார். ஜன்னலக்கா குறுக்கே விழுந்தாள். கடப்பாரை மேஜையின் ஓரத்தை உடைத்தது, அவர் முழங்கை அவள் வாயில் இடித்தது. உதடு இரண்டாகக் கிழிந்து பல் தெரிந்தது. அந்த வாயோடுதான் கத்தினாள்:

"அடிங்கண்ணே! என்னைக் கொல்லுங்க! ஆனா இதைத் தொடாதீங்க! யாரு பண்ணினதுன்னு இதுக்குள்ள இருக்கு! எனக்கு அரை மணி நேரம் குடுங்க, உங்க தம்பிக்கு என்ன ஆச்சுன்னு நானே காட்டறேன்!"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். என் மண்டையைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார். "அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே போய்க் கடப்பாரையோடு உட்கார்ந்தார். நான் உடைந்த கதவைச் சாத்தி நாற்காலியை முட்டுக் கொடுத்தேன்.

மறைவில் கிடந்த ஜன்னல்களை அவள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் இழுத்தாள், வரிசையாகத்தான் வருமாம், கடைசியை மட்டும் தனியாக எடுக்க முடியாது. மொத்தம் நானூற்று முப்பத்தெட்டு. காலை ஆறு பத்து, தொட்டியில் கார் கதவுகள். ஏழு மணி, கம்பிச் சுருள். மத்தியானம், வாஷிங் மெஷின்கள். ஒவ்வொன்றின் மேலும் அந்தக் கேள்வி நின்றது: நிச்சயமாக மூடவா? திரையில் ரத்தம் சொட்டும்போதெல்லாம் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள். கம்ப்யூட்டர் அடைத்துக் கிடந்ததால் ஒவ்வொன்றும் வர மூன்று நாலு விநாடி ஆனது.

நானூறைத் தாண்டும்போது பின்பக்கக் கேபிள் பள்ளத்தின் வழியாக யாரோ தவழ்ந்து வரும் சத்தம். தம்பி. ஸ்டோர் ரூமும் இந்த அறையும் ஒரே கேபிள் பள்ளத்தைப் பகிர்ந்துகொள்பவை, அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு கண் மூடிப்போய், விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அக்கா, என்ன பண்றே? காவலாளி சொன்னான், படமெல்லாம் இருக்குன்னு."

"இருக்குடா. நீ பயப்படாத. உன்னை வெளிய எடுத்துருவேன்."

"வேணாம்க்கா. அணைச்சிரு."

"என்னைக் காப்பாத்தப் பாக்கறியா? பேசாம உக்காரு."

அவள் சிரித்தாள்கூட, கிழிந்த உதட்டோடு. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, அவன் கண் மெயின் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

நானூற்று முப்பத்தெட்டாவது ஜன்னல் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் மூடியின் விளிம்பு. பிறகு ஒரு கை. பிறகு முகம். தூங்குமூஞ்சி தொட்டிக்குள் நின்று கேமராவை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டி இளித்துக்கொண்டிருந்தான், பல் அத்தனையும் தெரிய. அடியில் நேரம். பார்த்தேன்: நாலு ஐம்பத்திரண்டு, ஒன்பது விநாடி. அமுக்கியது: நாலு ஐம்பத்திரண்டு, முப்பத்தொரு விநாடி.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இருபத்திரண்டு செகண்டு. என்னடா பண்ணிக்கிட்டு இருந்தே?"

"மைக்ல கூப்பிட்டேன்க்கா, மேல வாடான்னு. வரல. அங்கேருந்தே நக்கல் பண்ணினான். பாத்தேல்ல, எப்படி இளிக்கிறான்னு? பதினொரு மணி நேரம்க்கா! மூத்திரம் போகக்கூட எந்திரிக்கல நான்." குரலைத் தாழ்த்தினான். "ஒரே கமாண்டுல எல்லாத்தையும் மூடலாம்தானே? மூடிரு. உன் ப்ரோக்ராம்தான் தப்புன்னு சொல்லிடுவோம். நீயே அப்படித்தானே சொல்லிக்கிட்டிருந்தே? உன்னை வேலையவிட்டுத்தான் எடுப்பாங்க. என்னைன்னா உள்ள போட்டுருவாங்கக்கா."

அவள் விரல் கீபோர்டின் மேல் இருந்தது. ஒரு நிமிஷம் அவள் தட்டிவிடுவாள் என்றே நினைத்தேன். தட்டியிருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் புரிந்துகொண்டான். "சொன்னாக் கேக்க மாட்டியாடி?" என்று அவள் முடியைப் பிடித்து மேஜையில் மோதினான். ஒரு முறை, இரண்டு முறை. நான் எழுவதற்குள் அவளைத் தள்ளிவிட்டு மெயின் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினான். ஸ்பேனர் அவள் காலடியில்தான் கிடந்தது, எடுத்து வீசினாள். மணிக்கட்டில் விழுந்த அடியில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் ஊளையிட்டான்.

கட்டர் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்தவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தம்பி இரண்டு காலில் நின்று சிரிக்கிறான் அல்லவா, அதைப் பார்த்தார். எண்களைப் படிக்க அவருக்கு நேரமாயிற்று. படித்து முடித்ததும் கடப்பாரையை ஓங்கினார். ஜன்னலக்கா தன் தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள், பதினொரு வயதில் செய்தது போல. அடி அவள் தோள்பட்டையில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு முன் நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். என் கையைக் கடித்தார், சதை போனது. இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் மூவரையும் லத்தியால் விளாசித்தான் பிரித்தார்.

அவரிடம் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "இதை அணைக்காம எல்லாத்தையும் காப்பி எடுங்க. எப்படிப் பாக்கறதுன்னு நான் காட்டறேன்."

தூங்குமூஞ்சி நான்காம் நாள் செத்துப்போனான். அவள் தம்பி கொலை வழக்கில் உள்ளே போனான். அவள் தோளில் பிளேட் வைத்து, உதட்டைத் தைத்து, இருபது நாளில் வேலைக்கு வந்தாள். வந்த அன்றே அந்த ஜன்னல் வேலையைச் சரிசெய்தாள். முதலில் மூடச் சொல்லி இரண்டு விநாடி பொறுப்பது, கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் பேச்சே இல்லாமல் அழித்துவிடுவது, கேமரா இணைப்பை அறுத்துவிடுவது, பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது, எத்தனை பாக்கி என்று ஒவ்வொரு மணியும் எண்ணுவது. மூடும் முன் படத்தை டிஸ்க்கில் சேர்ப்பதையும் எழுதினாள். மேனேஜர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அவனுக்கு ஜாமீன் கிடையாது என்று கோர்ட் சொன்ன அன்று நான்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் அவள் அம்மா நின்றிருந்தாள். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கன்னத்தில் அறைந்தாள். இடது கையால் அறைந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. அதைக் கழற்றிப் பார்த்து, எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று மறுபடியும் கட்டியிருந்தார்கள். சம்பவத்துக்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எங்களிடம் இத்தனை மாதமும் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு பட்டனைத் தட்டியிருந்தா எம்புள்ள வீட்டுக்கு வந்திருப்பான்லடி?" என்று அந்த அம்மா கதறினாள்.

"வந்திருப்பாம்மா" என்றாள் ஜன்னலக்கா. அம்மாவின் கட்டுப்போட்ட கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "உன் கையை முறிச்ச மாதிரி இன்னொண்ணு முறிக்க வந்திருப்பான்."

அந்த அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.